குதிரைப் படத்துக்குச் சித்தப்பா சொன்ன கதை

ஓசூரில் அத்தை வீட்டில் தங்கி நான் ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படித்த வருஷம், எங்கள் ஊருக்கும் சூளகிரிக்கும் நடுவே ரோட்டோரமாக ஒரு டூரிங் டாக்கீஸ் வந்தது. தை மாதம் கொட்டகை போட்டார்கள். அதன் முதலாளி பெங்களூரிலிருந்து ஓர் இங்கிலீஷ் குதிரைப் படத்தை மலிவாகப் பிடித்து வந்திருந்தார். ஒரே மூச்சில் பார்க்கிற படமல்ல. மொத்தம் பன்னிரண்டு துண்டு. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஒரு துண்டு ஓடும். ஒவ்வொரு துண்டும் யாராவது பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது முடிந்துவிடும்.

படத்தில் பேசுவது யாருக்கும் புரியாது என்பதால் கதை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலாளி என் சித்தப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. நட, நில், திரும்பு என்கிற உத்தரவுகளும் நாலைந்து வசவுகளும்தான் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் என்பது வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்போது பேச்சு இல்லை. நிலத்தைப் பிரித்தபோது கிணறு அப்பாவின் பக்கம் வந்துவிட்டது. சித்தப்பாவின் பங்கில் ராகியும் கொள்ளும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. வீட்டுக்கு நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பியாகிவிட்டது. சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவன் வாயில வர்றது ஒண்ணும் நெசமில்ல" என்பார் அப்பா. அதற்குமேல் பேசமாட்டார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். குதிரை ஓடுவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா திரைக்குப் பக்கத்தில் தகரக் குழலோடு நின்று சொன்ன கதை இதுதான். மாதப்பன் என்று ஓர் அண்ணன். ஊரைவிட்டுப் போன தம்பியைத் தேடிக் கறுப்புக் குதிரையில் வருகிறான். தம்பி மாடு திருடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிட்டிருக்கிறான். படத்தில் வந்த பாறைக் குன்றுகள் எங்கள் சூளகிரிப் பக்கத்துக் குன்றுகளைப் போலவே இருந்ததால், மாதப்பன் எந்த ஊர்க்காரன் என்று பலரும் அவரிடம் விசாரித்தார்கள்.

பிற்காலத்தில் எத்தனையோ கதைகள் படித்துவிட்டேன். அந்தக் கதையைப் போல ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் முழுக்கக் கெட்டவன் என்று ஒருவனும் கிடையாது. மாடு திருடுகிறவனுக்கும் வீட்டில் ஒரு கஷ்டம் இருந்தது. குதிரைகள் பாய்கிற இடத்தில் சித்தப்பா வாயே திறக்கமாட்டார். ஒருமுறை மாதப்பன் ஒரு தொட்டியருகே இறங்கினான். "மூணு வருசமா மழ இல்லாத ஊரு. அவன் குடிக்கிறதுக்கு முந்தி குதிரைக்குத் தண்ணி காட்றான் பாருங்க" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவுவார், கெஞ்சுகிற இடத்தில் கன்னடம் பேசுவார், மற்றதெல்லாம் தமிழ். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அவரவர் பங்கு கிடைத்தது. தமிழ்ப் படம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்கள்கூட இருந்தார்கள்.

எனக்கு மட்டும் உள்ளூர ஒரு அரிப்பு. எங்கள் ஊரிலிருந்து ஓசூருக்குப் போய்ப் படிக்கிற முதல் பெண் நான். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால், அம்மா அக்கம்பக்கத்தாரிடம் "எங்க பாப்பாவுக்கு இங்கிலீசு வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவாள். வந்த இங்கிலீஷ் இருபது வாக்கியம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, புரிகிற வாக்கியம் ஒன்றாவது வராதா என்று நான் ஒவ்வொரு வாரமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டாவது வாரம் அது கிடைத்தது. தம்பியைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். தாணாப் போலீஸ்காரன் துப்பாக்கியைத் தூக்குகிறான். மாதப்பன் நடுவில் வந்து நிற்கிறான். கொட்டகையில் பீடிப் புகைகூட அசையவில்லை. மாதப்பன் மெதுவாக, எனக்கென்றே நிறுத்தி நிதானமாகச் சொன்னதுபோல், ஒரு வாக்கியம் சொன்னான். ஹி இஸ் நாட் மை பிரதர்.

சித்தப்பா தகரக் குழலைத் தூக்கினார். "சுடாதீங்க. என்னா தப்பு பண்ணியிருந்தாலும் அவன் எந் தம்பி."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "சித்தப்பா பொய் சொல்றாரு. அவன் எந் தம்பி இல்லைன்னுதான் மாதப்பன் சொல்றான். தம்பியே இல்லையாம்."

கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். பிறகு, ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க வந்திருந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு பையன்களுக்குத் தொற்றியது. எவனோ விசில் அடித்தான். திரையில் மாதப்பன் மேலும் ஏதேதோ பேசினான். சித்தப்பா குழலைக் கீழே இறக்கிவிட்டார். என்னைத் தேடி அவர் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கம்தான் ஒருமுறை பார்த்தார். அங்கே அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பா என்னை மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பாவைப் பொய்யன் என்று அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தார். வாசலில் வந்துதான் வாயைத் திறந்தார்.

"அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான். உனக்கென்னா வந்துச்சு?"

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா குழலை எடுத்ததுமே பையன்கள், "இங்கிலீசு பாப்பா, சரியா சொல்றாரா கேட்டுச் சொல்லு" என்று கத்தினார்கள். அவர் இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தார். பிறகு குழலை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். கதை இல்லாமல் ஓடிய குதிரைகளை ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தார்கள். மறுவாரம் முதலாளி மீதித் துண்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சந்தையில் பெண்கள் என் அம்மாவிடம் மாதப்பன் என்ன ஆனான் என்று கேட்டபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பேச்சு பேசினாள். நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஏன் ஒளிந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

சித்திரை முடிவதற்குள் சித்தப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சித்தியை அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போனார். அங்கே ஒரு பாக்டரியில் வாட்ச்மேன் வேலை. அந்தக் குதிரைப் படம் ஓடிய நாட்களில், கிணற்றுத் தண்ணீரை வாரத்தில் இரண்டு நாள் தம்பிக்கு விட்டுவிடலாமா என்று அப்பா தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்ததாக, சித்தப்பா போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன்.

பெரியவளான பிறகு, சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்துப் பலமுறை பெங்களூருக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் என் மகளுடைய கல்யாணத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரிடம், மாதப்பன் கதை எப்படி முடிந்திருக்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"மீதிப் படத்த நான் எங்க பாத்தேன்? ஆனா உன் காதுல உளுந்தது சரிதான் பாப்பா. படத்துல அவங்க அண்ணன் தம்பி இல்ல. நாந்தான் அப்படி ஆக்கினேன்."

சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார். நான் அழுதேன். மகளைப் பிரிகிற அழுகை என்று பக்கத்திலிருந்தவர்கள் தேற்றினார்கள்.

யாருக்காக அவர் அப்படி ஆக்கினார் என்பது அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் எழுந்து நின்று சொன்னதும் ஒரு சத்தமும் இல்லாமல் போனதே, அதை என் இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நான் வெகுநாள் எண்ணியிருந்தேன்.