தள்ளுச்சேலை

ராஜபாளையத்தில் சுயம்புலிங்கத்தைத் தேடி வருகிறவர்கள் வழி கேட்க வேண்டியதில்லை. ஒரு பழைய காரின் பானெட்டுக்குள் இடுப்புவரை ஆள் நுழைந்திருக்க, உள்ளேயிருந்து தற்பெருமை மட்டும் வெளியே வந்துகொண்டிருக்கும் இடம் எதுவோ, அதுதான் அவருடைய பட்டறை. கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். அவர் டெஸ்ட் லைட்டைக் கையில் எடுத்தாலே செத்த பல்பு பயந்துபோய் எரியுமாம். சொன்னது அவரேதான். ஒருமுறை ஒரு லாரிக்கு அவர் மாட்டிக்கொடுத்த ஹாரனை அமுக்கியதும், மேற்கே மலையில் இருந்த குரங்குகள் அத்தனையும் மூட்டை முடிச்சோடு ஊருக்குள் இறங்கிவிட்டன. இதில் குரங்கு வந்தது நிஜம். மூட்டை முடிச்சில்தான் கொஞ்சம் சந்தேகம்.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் கார் மட்டும் ஸ்டார்ட் ஆகாது.

காரின் பெயர் வெள்ளைச்சி. எண்பதுகளில் பிறந்தவள், யானைக்குட்டி உடம்பு. போன ஆயுத பூஜைக்கு சுயம்புலிங்கம் அவளுடைய எஞ்சினைச் சுற்றியுள்ள பாகங்களையெல்லாம் கழற்றி, துடைத்து, பெயிண்ட் அடித்து, முகம் பார்க்கலாம் போல மாட்டிவைத்தார். அன்றிலிருந்து பிடித்தது சனி. சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப்போகும், அவ்வளவுதான். தள்ளிவிட்டால் மட்டும் சமர்த்தாக ஓடுவாள். பேட்டரியை மாற்றினார். எஞ்சினைச் சுழற்றிவிடுகிற செல்ப் மோட்டாரை மாற்றினார். சாவி போடுகிற சுவிட்சை மாற்றினார். வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்திக்கூடப் பார்த்தார்.

தள்ளுகிற வேலையும், அவர் பானெட்டுக்குள் இருக்கும்போது சாவியைத் திருப்பிப் பார்க்கிற வேலையும் மனைவி அழகுத்தாயுடையவை. பஞ்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்த கை. அவள் தள்ளினால் வெள்ளைச்சி மட்டுமல்ல, முன்னால் நிற்கிற பஸ்ஸும் நகரும். ஆனாலும் கல்யாணம் காட்சி என்று எங்கே கிளம்பினாலும் ஒரு பழைய நூல்சேலையைக் கட்டிக்கொண்டு, நல்ல சேலையைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த நூல்சேலைக்கு அவள் வைத்த பெயர் தள்ளுச்சேலை. காரில் இருந்து பட்டுச்சேலையோடு ஒரு தடவையாவது இறங்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மகாராணி ஆசை இல்லை, சாதாரண ஆசைதான்.

இந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி கௌதம்ராஜ் புதுப்பட்டியில் பரோட்டாக் கடை திறப்பதாக இருந்தான். போனில் அத்தானைக் கூப்பிட்டான்.

“அத்தான், அந்தக் காரை வெச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீய? எனக்குத் தாங்க. பாதியா அறுத்து கடை வாசல்ல நிறுத்துனா, பானெட்டு மேலயே பரோட்டா அடிக்கலாம். ரெண்டு லைட்டையும் எரியவிட்டா கூட்டம் அள்ளும்.”

“ஏலே, அதுல லைட்டு ஒழுங்கா எரிஞ்சா நான் ஏன்லே உன்கிட்ட பேச்சு வாங்குதேன்?”

“அதான் சொல்லுதேன். ஓடாத வண்டி உங்களுக்கு எதுக்கு?”

சுயம்புலிங்கத்துக்குச் சுருக்கென்றது. “கடை திறக்குற அன்னைக்கு ஒரு தள்ளு தள்ளாம வெள்ளைச்சியைக் கொண்டாந்து உன் வாசல்ல நிறுத்துதேன். வழியில ஒரு தள்ளு தள்ளியிருந்தா, நீ அறுத்துக்கோ!”

“அக்காதான் சாட்சி. அது பொய் சொல்லாது.”

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அழகுத்தாய், “சாட்சி சொல்லுதேன்” என்றாள். “ஆனா அன்னைக்குப் பட்டுதான் கட்டுவேன். தள்ளுச்சேலையைத் தொட மாட்டேன். வழியில நின்னுச்சு, நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருவேன். நீங்க வெள்ளைச்சியோட குடும்பம் நடத்துங்க.”

திறப்பு விழா தை மாதத்தில். அன்று காலை, மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் அழகுத்தாய் முன்சீட்டில் ஏறினாள். சுயம்புலிங்கம் முந்தின நாளே வண்டியைத் தெரு இறக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பிரேக்கை விட்டார். வெள்ளைச்சி தானாக உருண்டாள், ஒரு குலுக்கலோடு உயிர் பிடித்தாள்.

“இது தள்ளுனதாகாதா?” என்றாள் சாட்சி.

“பூமி இழுக்குது, நான் என்ன செய்ய?”

அழகுத்தாய் யோசித்துப் பார்த்து, பூமியை மன்னித்தாள்.

புதுப்பட்டி போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைப்பதே இல்லை என்பதுதான் அவருடைய திட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர்வரை நன்றாகத்தான் நடந்தது. மடவார் வளாகத்தில் கடைக்கு மாலை வாங்க நிறுத்தினார்கள். வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

பூக்கார அங்காளம்மாள் முகத்தைச் சுளித்தாள். “அண்ணே, புகை அம்புட்டும் பூவுல அடிக்குது. செத்த நேரம் அணைச்சு வைங்க. இல்ல, அணைச்சா பொறவு எந்திரிக்காதோ?”

இந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது.

“எந்திரிக்காதா? யார் வண்டின்னு தெரியுமா? இந்தா பாரு, அணைக்கேன். இந்தா பாரு, ஒரே சாவி.”

டொக்.

அங்காளம்மாள் மாலையைப் பொட்டலம் கட்டுவதில் அவசரமாக மும்முரமானாள். சிரிப்பை வேறு எங்கே ஒளிப்பது? அழகுத்தாய் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். சுயம்புலிங்கத்தின் கண்ணுக்கு வெள்ளைச்சியின் முதுகின் மேல் பரோட்டா மாவு விசிறுவது தெரிந்தது.

இறங்கி பானெட்டைத் தூக்கினார். “அழகு, ஒரே ஒரு தடவை டிரைவர் சீட்டுல வந்து சாவியைத் திருப்பு. தள்ளச் சொல்லல, திருப்பத்தான் சொல்லுதேன்.”

அவள் நகர்ந்து உட்கார்ந்து, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்குக் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். டொக். மறுபடி திருப்பினாள். டொக்.

“ஆத்தாடி!” என்று கையை உதறினாள். “இந்தச் சோக்குக் குமிழு சுடுதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். கேக்கதே இல்ல!”

“தோசைக்கல்லைத் தொடுற கைக்கு இது ஒரு சூ...” என்று வழக்கமான பதிலை ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். மூன்று மாதமாகச் சொல்லி வந்த பதில் அது. இன்றைக்குத்தான் அவருடைய காதுக்கே அது எட்டியது.

சோக்கு என்பது வெறும் இழுப்புக் கம்பி. அதில் கரண்டுக்கு என்ன வேலை? அது ஏன் சுட வேண்டும்?

“அழகு! ஆடிப்பூரத் தேர் ஓடும்போது பஸ்ஸெல்லாம் எப்படிப் போகும்?”

“சந்துக்குள்ள நெருக்கியடிச்சுப் போகும். இப்ப எதுக்கு அது?”

“ரத வீதி அடைச்சுக் கிடக்கு! அதான் கரண்டு சந்துக்குள்ள பூந்து போவுது!”

எஞ்சினுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு தடித்த பட்டை வயர் உண்டு. எர்த் என்பார்கள். பேட்டரியிலிருந்து வந்த கரண்டு திரும்பிப் போகிற ராஜபாட்டை அதுதான். அந்த வழி அடைபட்டால், பாவம், அத்தனை கரண்டும், எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்கு ஓடுகிற சோக்குக் கம்பி வழியாகப் பிதுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். கம்பி காய்ந்துபோகும், செல்ப் மோட்டார் ‘டொக்’கோடு படுத்துவிடும்.

சுயம்புலிங்கம் வண்டிக்கடியில் புகுந்து பட்டை வயரின் போல்ட்டைக் கழற்றினார்.

“என்ன ஆச்சு?” என்று குனிந்து பார்த்தாள் அழகுத்தாய். பார்த்ததும் பட்டுச்சேலையைக்கூட மறந்து தரையில் உட்காராத குறையாகச் சிரித்தாள்.

வயர் உட்காருகிற இடத்தில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். அதன் மேல், காய்ந்து கெட்டியாகி, வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பாகத்தையும் பொட்டு வைத்த பிறகே மாட்டிய பக்திமான் வேறு யார்?

“வேலை ரொம்ப சுத்தமுங்க” என்றாள் அவள். “கரண்டே உள்ள வராம கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிருக்கு.”

“சிரிக்காதட்டி. அந்த உப்புத்தாளை எடு.”

பொட்டையும் பெயிண்டையும் தகரம் மின்னுகிறவரை தேய்த்தார். வயரை வைத்து இறுக்கி முடுக்கினார். வெளியே வந்து, சாமி கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். வெள்ளைச்சி போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தன. அங்காளம்மாள் ஒரு முழம் பூவைச் சும்மாவே கொடுத்தாள்.

கிருஷ்ணன்கோவிலில் திரும்பி புதுப்பட்டி போகிறவரை அவர் நாலு இடத்தில் காரணமே இல்லாமல் வண்டியை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார். அவள் தடுக்கவில்லை. அவளுக்கும் அந்தச் சத்தம் இனித்தது.

கடை வாசலில் கௌதம்ராஜ் அளவு டேப்போடு நின்றான். பக்கத்தில் இரும்பு அறுக்கிற மிஷினோடு ஒருவர். மிஷினுக்கு மாலைகூடப் போட்டாயிற்று.

“அக்கா, உண்மையைச் சொல்லு. எத்தனை தள்ளு?”

அழகுத்தாய் கதவைத் திறந்து, மெதுவாக, ஊர் பார்க்க, ஒரு காலை முதலில் வைத்து அடுத்த காலை ஊன்றி இறங்கினாள். கொசுவத்தை நீவிவிட்டாள்.

“சேலையைப் பாருலே. ஒரு கசங்கல் இருக்கா?”

கௌதம்ராஜ் சுற்றி வந்து பார்த்தான். டேப்பைச் சுருட்டினான். “பின் பாதியாச்சும் தாங்களேன் அத்தான்” என்று ஒரு முயற்சி செய்து பார்த்தான்.

பூஜைத் தட்டு வந்தது. சுயம்புலிங்கத்தின் விரல் பழக்கதோஷத்தில் சந்தனத்தைத் தொட்டு வெள்ளைச்சி பக்கம் நீண்டது. அழகுத்தாய் அந்தக் கையைப் பிடித்து அவருடைய நெற்றிக்கே திருப்பினாள்.

“இங்க வைங்க. இங்க அடைச்சாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.”

வீடு திரும்பியதும் அவர் தள்ளுச்சேலையைப் பட்டறைக்குக் கரித்துணியாகக் கேட்டார். அவள் அதைத் துவைத்து மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“இருக்கட்டும்ங்க. ஆயுத பூஜை வருஷா வருஷம் வருதுல்லா?”