ஆடாத கோடு

எங்கள் ரசாயன ஆலையில் எது நின்றாலும் முதலில் கேட்கும் குரல், "மேடத்தைக் கூப்பிடு." அவள் கருவிக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைப் பொறியாளர். அதே பிரிவில் நான் அவளுக்கு மூன்று வருஷம் மூத்தவன். என்னை யாராவது கூப்பிட்டால், "மேடம் எங்கே?" என்று கேட்கத்தான்.

அவளிடம் ஒரு குறையாவது அகப்படாதா என்று பதினோரு வருஷமாகத் தேடினேன். பாழாய்ப்போனது, அகப்படவில்லை. சட்டைப் பையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர், பூட்ஸில் எப்போதும் கிரீஸ். மீட்டர் பழுதென்றால் ஆளை அனுப்பமாட்டாள், ஏணியில் தானே ஏறுவாள். நாலு மணிக்கு அவள் மகள் போனில் கணக்குப் பாடம் கேட்பாள். கண்ட்ரோல் ரூமே சேர்ந்து விடை சொல்லும். என் மகன் என்ன படிக்கிறான் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டில் என் மனைவி வேறு, "அந்தம்மா எவ்வளவு பொறுமையா பேசறாங்க, நீங்களும் இருக்கீங்களே!" என்பாள். வயிறு எரியும். ஆமாம், பொறாமைதான். இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

வருடாந்திரப் பராமரிப்பு முடிந்து ஆலையை ஓட்டிய அன்று, கலவைத் தொட்டியின் மட்டம் காட்டும் கருவியை அவளே சரிபார்த்தாள். அப்போது தொட்டிக்கும் கருவிக்கும் நடுவே உள்ள சின்ன வால்வை மூடவேண்டும், முடிந்ததும் திறக்கவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவளை நாலு தடவை கூப்பிட்டார்கள். நடுவில் என்னிடம் வந்து, "அண்ணே, வழக்கம்போல நீங்களே ஸ்கிரீன்ல உட்காருங்க. நீங்க பார்த்தாதான் எனக்கு நிம்மதி," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உட்கார்ந்தேன். தொட்டிக்குள் திரவம் ஒரு பக்கம் வந்தது, மறுபக்கம் போனது. மட்டம் சரியாகப் பாதி. திரையில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு.

"பார்த்தீங்களாப்பா, ஆடவே இல்ல! மேடம் கை வச்சா கை வச்சதுதான்," என்றார் மேலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓடுகிற தொட்டியில் மட்டம் ஆடாமல் இருக்குமா? கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. வால்வைத் திறக்க மறந்துவிட்டாள். கருவி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, உள்ளே மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. அதற்குள் யாரோ மறுபடி "மேடம் கை" என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். தொட்டியின் உச்சியில் தனியாக ஒரு மிதவை ஸ்விட்ச் உண்டு. அது பம்பை நிறுத்திவிடும். யாருக்கும் அடிபடாது, அவள் மானம்தான் போகும். போகட்டுமே!

இருபது நிமிஷத்தில் அலாரம் அலறியது. பம்புகள் நின்றன. கலவை முழுக்க வீண்.

அவள் நேரே வால்வைப் போய்ப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க வந்தாள். "தப்பு என்னோடது சார். திறக்க மறந்துட்டேன்," என்றாள், எல்லோர் முன்னாலும். மேலாளர் திட்டக்கூட இல்லை. "நாங்கதானே உங்கள ஆயிரம் தடவை கூப்பிட்டோம்," என்றார். அடச்சே, இதிலும் அவளுக்குத்தான் ஜெயம்!

பிறகு என் பக்கம் வந்தாள். அந்த ஒரு கோட்டை மட்டும் பெரிதாக்கிய படம் திரையில் அப்படியே கிடந்தது. மூட மறந்துவிட்டேன். மூலையில் அதைத் திறந்த நேரம் இருந்தது, அலாரத்துக்கு இருபது நிமிஷம் முன்பு. படித்தாள். என்னைப் பார்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், வார்த்தை தயாராக இருந்தது. கேட்கவில்லை. அவளே அந்தப் படத்தை மூடினாள்.

அவள் எழுதிய அறிக்கையில் தப்பு முழுக்க அவளுடையது. நான் அதில் இல்லவே இல்லை.

மறுநாள் தொட்டியை மறுபடி ஓட்டினோம். வழக்கம்போல நாற்காலிக்குப் போனேன். கொதிகலன் பிரிவுக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வேணாம் அண்ணே," என்றாள், அதே பொறுமையான குரலில். "வேற ஆள் போட்டுட்டேன்."

அவனிடம் குனிந்து, "நீங்க பார்த்தா எனக்கு நிம்மதி," என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவை அவனைப் பார்த்து.