மடியில் ஏறிய கோழி

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. ஆரம்பாக்கத்தில் ஒரு அம்மாள் வீட்டில் குடியிருந்தேன். அவருக்கு ஒல்லியான உடம்பு, ஓயாமல் வெற்றிலை மெல்லும் வாய். கொல்லையில் கறிக்காக வெள்ளைக் கோழிகள் வளர்த்தார்.

அவை மண்ணைக் கிளறுவதில்லை, பறப்பதில்லை. தீனித் தட்டின் முன்னால் படுத்துக்கொண்டே தின்று, படுத்த இடத்திலேயே கழியும். நெஞ்சில் இறகு உதிர்ந்து சிவந்த தோல் தெரியும். அந்த அம்மாள் காலையில் ஒவ்வொன்றாக மடியில் வைத்து, பின்புறம் காய்ந்து ஒட்டியதை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டுவார். அதைப் பார்த்தால் எனக்கு நாஷ்டா இறங்காது.

ஒருநாள் விடியலில் எலி ஒன்று ஒரு கோழியின் தொடையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கோழியோ தீனி கொத்திக்கொண்டிருந்தது. எலியை விரட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இதை அறுத்துடக் கூடாதாம்மா?"

"நாட்டுக்கோழின்னா தொரத்திப் புடிச்சி அறுப்பேன் நைனா. இது கத்தியப் பாத்தாலும் மடியில ஏறிக் குந்துதே!" என்றார்.

ஆனாலும் அன்றே அறுத்தார், மடியில் வைத்தே. அது உதறக்கூட இல்லை. மத்தியானம் எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்தார். வேண்டாமென்றேன். அவரே உட்கார்ந்து எலும்புவரை உறிஞ்சித் தின்றார்.

"ஒரு தபா ஓடிருந்தா உட்டுருப்பேன் நைனா," என்றார், விரலைச் சூப்பியபடி.

உயிருக்குப் பயந்துகூட ஓடாத அவற்றைக் கண்டால் அவருக்கும் அருவருப்புதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு எதற்காக அத்தனை பொறுமையாகக் கழுவினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.