சுண்ணாம்பைத் திருப்புகிற வேலை

போன ஞாயிறு காலை, பம்பாய் மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. ஹால் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. மேடைக்கு எதிரே பெஞ்சு மேல் நான். பக்கத்தில் இரண்டு காஸ் சிலிண்டர், முன்னால் ஒரு சுண்ணாம்புக் கட்டி.

நான் ஏன் அங்கே?

தாராவியில் என் பட்டறை. ஆசிட் தொட்டிக்கு ஈயத் தகடு பற்றவைக்கிற வேலை. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் எப்போதும் இருக்கும். இதைக் கேள்விப்பட்டு சங்கத்துச் செக்ரட்டரி தேடி வந்தார். அக்கம்பக்கமெல்லாம் தோல் பட்டறை, நாற்றம்... மூக்கிலிருந்து கர்ச்சீப்பை எடுக்காமலே பேசினார்.

"பாய், கரண்ட் வர்றதுக்கு முன்னாடி சீமையில நாடகத்துக்கு லைம்லைட் போட்டா. உங்ககிட்ட இருக்கற ரெண்டு காஸும் சுண்ணாம்பும்தான். எங்க மேடையில காட்டணும்."

"காட்டலாம். காசு வேண்டாம். என் மக மைமூன் ஒரு பாட்டு பாடணும்."

"பேஷா! உங்க வெளிச்சத்துலயே பாடட்டும்."

தோல் பட்டறைச் சுண்ணாம்பு உதவவில்லை. ஈரம் பட்டது, சூட்டில் வெடித்தது. தண்ணீர் காணாத கட்டி வாங்கி, அரத்தால் உருட்டி, டப்பாவில் போட்டு மெழுகால் அடைத்தேன். பம்பாய்க் காற்றே பாதி தண்ணீர்தானே.

இரண்டு காஸும் சேர்ந்து எரிகிற தீக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சுண்ணாம்பில் அடித்தால்தான் வெளிச்சம். சுண்ணாம்பு எரியாது, உருகாது. சூட்டைத் தாங்கும். தாங்கித் தாங்கி வெள்ளையாக ஜொலிக்கும். ஒரே இடத்தில் அடித்தால் குழி விழும், மங்கும். அதனால் திருப்பிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். சீமையில் பரண் மேல் உட்கார்ந்து திருப்பினார்களாம். நடிகன் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். திருப்பினவன் பேர்? செக்ரட்டரிக்குத் தெரியவில்லை.

மைமூனுக்கு ஒன்பது வயசு. பதினைந்து நாள் வீட்டில் அதே பாட்டு.

"வாப்பா, வெளிச்சம் கண்ணு கூசுமா?"

"கூசும். மூடாதே."

"மூடினா பாட்டு வராதா?"

"பாட்டு வாயில வருதா, கண்ணுல வருதா? நீ கண்ணைத் திறந்து நில்லு."

ஞாயிறு. கறுப்புக் கண்ணாடி போட்டால் வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் தெரியும். மற்றதெல்லாம் இருட்டு. தீயை வைத்தேன். கைதட்டல். பாட்டு தொடங்கியது.

மைமூன் குரல் இல்லை.

பக்கத்தில் சங்கத்து ஆள் ஒருவர். "யாரு பாடுறது?" என்றேன்.

"செக்ரட்டரியோட பொண்ணு."

"என் மக?"

"கீழ உக்காந்திருக்கா. டயம் இல்லையாம்."

கை வால்வுக்குப் போனது. ஒரு திருகு... ஹாலே இருட்டு. மூடவில்லை. பாடுகிற பிள்ளை என்ன செய்தது?

சுண்ணாம்பைத் திருப்பினேன். பாட்டு முடிகிறவரை.

பிறகு செக்ரட்டரி வந்தார். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்கோ பாய். அடுத்த வருஷம் கண்டிப்பா..."

டயம் இல்லையா, பாயோட மகள் என்பதாலா? நான் கேட்கவில்லை. மாதுங்காவில் இதைப் படிக்கிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

சிலிண்டரைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளினேன். மைமூன் கூடவே நடந்தாள்.  தாராவியில் பட்டறை வாசலுக்கு வந்ததும் சொன்னாள்.

"வாப்பா, அவ கண்ணை மூடிக்கிட்டே பாடினா."

உள்ளே போனேன். மிச்சக் கட்டிகளைத் தண்ணீர் வாளியில் போட்டேன். கொதித்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது — சுண்ணாம்புதானே!