சாம்பல் நிறக் கைகள்

என் அப்பா நகராட்சி இன்ஜினியர். ஊருக்கு நல்லவர். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. வாரம் முழுக்கக் குழாய் உடைப்பு, சாக்கடை அடைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓவியம். அதையாவது விற்பாரா? மாட்டார். பட்டாசு ஆலை விபத்தில் செத்தவர்களை வரைந்து, மாலை போட்டு மாட்டிக்கொள்ள அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது குற்றாலம் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குழாய் உடைந்தது. கடைசியில் ஒரு ஞாயிறு, புளிச்சோறு கட்டியாகிவிட்டது, வாடகைக் கார் வாசலில் நின்றது. அப்போது பார்த்து விஸ்வநத்தத்திலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்தார், இறந்துபோன மனைவியின் படத்தை வாங்கிப்போக. மறுநாள் காரியம். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

அவர்கள் கொடுத்திருந்தது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதில் யார்தான் மனிதர் மாதிரி இருக்கிறார்கள்? இருந்தும் அப்பா முகத்தைப் பிடித்துவிட்டார். உட்கார்ந்திருப்பது போல வரைந்து, கைகளை மடியில் வைத்திருந்தார். ஆலை வேனிலிருந்து இறங்குகிறவர்களின் கையில் வெடிமருந்து படிந்திருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா கையக் களுவிட்டுத்தான் எங்களத் தொடுவாக," என்றாள்.

"ஏ புள்ள, சும்மா இரி. சார் கெளம்பி நிக்காக," என்று அவள் அப்பா அதட்டினார்.

"இருக்கட்டும்ங்க." என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

அம்மா சோற்றுத் தூக்கை நங்கென்று தரையில் வைத்தாள். "ஊரு பூராம் ஒங்கப்பாவுக்குப் பிள்ளைக. நீ ஒருத்திதான் அடுத்த வீட்டுப் பிள்ள," என்றாள் என்னிடம், அவருக்குக் கேட்கும்படி.

மதியம் தாண்டியது. குற்றாலத்துக்குக் கட்டிய சோற்றை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து தின்றோம். அந்தப் பெண்ணுக்கும் அம்மாதான் வைத்தாள். தின்றுவிட்டு அவள் மறுபடி அப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "இன்னுங் கொஞ்சம் கறுப்பு. நகத்துல மருதாணி இருந்துச்சு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் முடிந்ததும், வரைந்த கையின்மேல் தன் கையை வைத்துவிட்டாள். எண்ணெய்ச் சாயம், காயவில்லை. படத்திலிருந்த விரல்கள் இழுபட்டுப்போயின.

"கெடுத்துட்டாப்பா," என்று கத்தினேன்.

அப்பா அவளிடம் ஒரு துணியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவரும் தூரிகையை மறுபடி தொடவில்லை. குற்றாலம் போகவேண்டிய கார், ஈரப் படத்தையும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு விஸ்வநத்தம் போனது. அவள் சாயம் ஒட்டிய கையை எதிலும் படாமல் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கெட்டுப்போன கையை அப்படியே கொடுத்தனுப்பத்தான் என் ஞாயிற்றுக்கிழமையைத் தின்றாரா என்று தூங்கும்வரை அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஏன் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை.