போளூர் தாண்டியதும் வரும் அழைப்பு

வெள்ளையன் அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்ததும், பழக்கத்தில் நான் அடுப்பைத்தான் பார்த்தேன். பேசியது அண்ணி. "உங்க அண்ணன் போய்ட்டாரும்மா" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி, வீட்டிலேயே முடிந்துவிட்டது. அந்த மட்டில் அம்மன் கருணை. சென்னை நெரிசலில், வேனுக்குள் உட்கார்ந்தபடி போகவில்லை.

அவர் வேனில் சாமையும் புளியும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிய நம் மலையூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், ஆடித் திருவிழாவன்றும் அவருக்கு ஓட்டம் உண்டு. மலை இறங்கிப் போனவர்கள் எல்லோரும் திரும்பிய பிறகே அம்மனுக்குப் பொங்கல் படைப்பது நம் வழக்கம். அதையும் சூடாகப் படைக்க வேண்டும். அளந்து உலை வைப்பது என் பொறுப்பு. ஊரே கொட்டாவி விட்டு ஓய்ந்தபின்தான் அவர் வந்து நிற்பார். சென்னையில் மெட்ரோ ரயிலுக்காகப் பாதி ரோட்டைத் தடுப்பு வைத்து மறைத்திருக்கிறார்கள் என்பார். "அது ஓட ஆரம்பிச்சா ரோடு காலியாய்டும்மா. வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்துர்றேன், பாரு."

ரயில் ஓடத் தொடங்கியதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதை நம்பி, அந்த வருஷம் பொழுது சாயும்போதே உலை வைத்துவிட்டேன். சாமை வெந்தது, குழைந்தது, அடிப்பிடித்தது. அண்ணன் வரவில்லை. அம்மன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அலுப்போடு இன்னொரு பானையைக் கழுவினேன்.

வந்தவரிடம், ரயில் விட்டும் இன்னாண்ணே இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"ரயிலு மேல ஜோராத்தான் போவுது. ஏறினவன் போய்ச் சேந்துட்டான். ரோட்டுல அவன் வுட்ட எடத்துல இன்னொருத்தன் கார எடுத்துனு வந்துட்டான். மூட்டையத் தூக்கினு நான் எங்கம்மா ஏற்றது?"

பிறகு அடிப்பிடித்த பொங்கலைக் கேட்டு வாங்கி, பானையைச் சுரண்டிச் சாப்பிட்டார். அம்மனுக்கு ஆகாதது தனக்கு ஆகும் என்றார். அந்த மனிதரிடம் கோபத்தை வைத்திருக்க முடியாது.

அடுத்த ஆடியிலிருந்து அவரே போன் செய்வார். "போளூர் தாண்டிட்டேன். ஒலைய வைம்மா." அதுதான் நமக்கு முகூர்த்தம். அடிவாரத்துப் போளூரிலிருந்து அவர் மலை ஏறி வரவும் பொங்கல் வேகவும் சரியாக இருக்கும். ரயில் பாதை நீண்டுகொண்டே போனது. அந்த அழைப்பு ஒரு வருஷமும் விளக்கு வைப்பதற்குள் வரவில்லை.

இந்த ஆடியில் அது வராது. போனவர்கள் எல்லோரும் வந்தாயிற்றா என்று பூசாரி வழக்கம்போலக் கேட்பார். வந்தாயிற்று என்றுதான் சொல்வேன். அண்ணன் இந்த மலையில்தானே இருக்கிறார். பொங்கலை இறக்குவதற்கு முன் கொஞ்சம் அடிப்பிடிக்க விடுவேன். அம்மனுக்குப் படைத்த பிறகு அதைச் சுரண்டித் தனியாக எடுத்து வைப்பேன்.