சத்தம் கேட்காத ஒன்றாம் வகுப்பு

லூர்தம்மாள் டீச்சர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் பாண்டியம்மாள் பேசினாள். பின்னால் லாரிகளின் இரைச்சல். எனக்கோ காது மந்தம். சத்தமாகத்தான் சொல்லேன் என்று எரிந்து விழுந்தேன்.

"இதுக்கு மேல எனக்குச் சத்தம் வராது டீச்சர். நம்ம லூர்து டீச்சர் போயிட்டாங்க. நீங்க வாரீங்களா?"

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவரிடம் படித்த உங்களில் பலர் இரங்கல் கூட்டத்தில் அவரைத் தெய்வம் என்று பேசி முடித்துவிட்டீர்கள். தெய்வத்துக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை. நான் அவருக்குக் கொடுத்தேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகள் நெருங்கிய தெருவொன்றில் எங்கள் பள்ளி. நான் பி.ஏ., பி.டி. முடித்த தலைமையாசிரியை, அந்தப் பட்டத்தைச் சற்று அதிகமாகவே சுமந்து திரிந்தேன். அவர் எட்டாவது முடித்து ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அக்காலத்தில் ஒன்றாம் வகுப்பு என்றால் தெருமுனை வரை கேட்க வேண்டும். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, குழந்தைகள் அதைத் திருப்பிக் கத்த வேண்டும். பாடம் நடப்பதற்கு அந்தக் கூச்சல்தான் சாட்சி. லூர்தம்மாள் வகுப்பில் அது இல்லை. குழந்தைகள் பேசினால் தன் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஒரு குழந்தையிடம் பேச வேண்டுமானால் அதன் அருகே தரையில் உட்கார்ந்து, "என்ன வேணும், சொல்லுங்க" என்பார். ஐந்து வயதுக்குச் 'சொல்லுங்க'! மாப்பிள்ளை வீட்டாரையா கூட்டி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"வீட்ல நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேக்குற புள்ளைங்க டீச்சர். இங்கயாவது காது செத்த நேரம் சும்மா கெடக்கட்டுமே" என்றார்.

ஒரு நாள் தெருவில் போன பள்ளி நிர்வாகி உள்ளே வந்தார். "என்னம்மா, ஒண்ணாப்புல சத்தத்தையே காணோம்? டீச்சரம்மா தூங்குறாகளா? சரிப்படலேன்னா வீட்டுக்கு அனுப்பிருங்க."

வகுப்பை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. 'வகுப்பில் சத்தமின்மைக்கு விளக்கம் தருக' என்று மெமோ எழுதினேன். மறுநாள் லூர்தம்மாள் அதன் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: 'ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கவும்.' திமிர் என்று நினைத்தேன். அவரை நான்காம் வகுப்புக்கு மாற்றிவிட்டு, ஒன்றாம் வகுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

பிரம்பை மேசைமேல் வைத்தேன். இரண்டே நாளில் தெருமுனை வரை கேட்டது. மூன்றாம் நாள் அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். பிரம்பைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். சிறிது நேரத்தில் அவள் பாவாடை நனைந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். ஏன் கேட்கவில்லை என்று அதட்டினேன். அடுத்த அறையிலிருந்து லூர்தம்மாள் வந்தார். "வாங்க பாண்டியம்மா, பானைக்குத் தண்ணி மோந்துட்டு வருவோம்" என்று, ஏதோ வேலைக்குக் கூப்பிடுவதுபோல அவளை அழைத்துப் போனார். (பெயரை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க டீச்சர், இனி யாரு சிரிக்கப் போறா" என்றாள்.)

அன்று மாலை என் அறைக்கு வந்தார். "உங்க மேல எனக்குக் கோவம் டீச்சர். புள்ளைங்க முன்னாடி உங்களச் சொல்லக் கூடாதுன்னுதான் இம்புட்டு நேரம் வெச்சிருந்தேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. மறுநாள் வகுப்பை அவரிடமே கொடுத்தேன். "சத்தம் வேண்டுமானால் எதிர்ப் பட்டறைக்குப் போங்கள் ஐயா. இவரை அனுப்பினால் என்னையும் அனுப்ப வேண்டியிருக்கும்" என்று நிர்வாகியிடம் சொன்னேன். "படிச்ச பொம்பளைய வெச்சா இதான்" என்று முனகிக்கொண்டே போனார்.

இதைப் பெருந்தன்மைக் கணக்கில் யாரும் சேர்க்க வேண்டாம். மெமோவை நான் ரத்து செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. அதன்பின் பத்தாண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தோம். அவர் வகுப்பைத் தாண்டி நாள்தோறும் நடந்தேன். வராந்தாவில் நின்றுகூடக் கேட்டேன். உள்ளே போய் உட்காரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இருந்துவிட்டேன்.

இழவு வீட்டில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நிறுத்தச் சொல்லலாம் என்று எழுந்தேன். பாண்டியம்மாள் எனக்கு முன்பே போய் ஒயரைப் பிடுங்கியிருந்தாள்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்த மெமோத் தாள் மட்டுமே. முன்பக்கம் என் கையெழுத்து, பின்பக்கம் அவருடையது. பின்பக்கத்தை மேலே வைத்து மேசைக் கண்ணாடியின் அடியில் செருகியிருக்கிறேன். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.